சேர் கே. எஸ். கிருஷ்ணனும் இழையில் ஆடிய பளிங்கும்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவருட் பெரும்பாலோர் இராமன் விளைவையே நினைப்பர். 1928 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கல்கத்தாவில் சேர் சி. வி. இராமனோடு உடனிருந்து ஒளிச் சிதறலில் ஒரு புதுமையைக் கண்ட இளைஞர் அவர் என்பதும், 1930 இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது என்பதும், அப் பரிசில் இவருக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்க வேண்டாவோ என்பதும் அவரைப் பற்றி எழுதுவோர் சுற்றிச் சுற்றி வரும் செய்திகளாகும். எனக்கோ அந்த வழக்கில் அத்துணை நாட்டமில்லை. நாட்டமின்மைக்குக் காரணம் உண்டு. வழக்கில் எந்தக் கட்சி வென்றாலும், கிருஷ்ணனுடைய வாழ்வு இருபத்தொன்பதாம் வயதோடு முடிந்துவிட்டது போன்ற ஓர் எண்ணமே படிப்பவர் மனத்திலே தங்குகிறது. அதன் பின்னர் அவர் முப்பத்துமூன்று ஆண்டு வாழ்ந்தார். அந்த ஆண்டுகளிலே, சில மில்லிகிராம் நிறையுள்ள ஒரு பளிங்குத் துண்டைக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இழையிற் கட்டித் தொங்கவிட்டு, அதன் உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதை அதன் வாயிலிருந்தே வரவழைத்தார். அதனைச் சொல்லாமல் அவர் வரலாற்றைச் சொல்வது, மூலவரைத் தரிசியாமல் வெளிவீதி சுற்றித் திரும்புவதை ஒக்கும்.

கிருஷ்ணன் 1898 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் தென்பாண்டி நாட்டிலே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரிற் பிறந்தார். அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ளது. தந்தையார் நிலபுலம் பார்த்தவர். வடமொழியிலும் தமிழிலும் புலமை உடையவர். ஊர்ப் பள்ளியிலும், பின் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்தரப் பாடசாலையிலும் கற்றபின், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவருடைய உயர்கல்வி நடந்தது. பட்டம் பெற்றதும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயனப் பகுதியிற் செய்முறை காட்டுநராக அமர்ந்தார். பௌதிகவியலிற் பெயர்பெறப் போகின்றவர் இரசாயன அறையிலே தொடங்கினார் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. பிற்காலத்தில் அஃது அவருக்கு உதவியது. அங்கே நண்பகல் ஓய்வு வேளையிலே, மாணவர் எதனையும் வந்து கேட்கலாம் என்று அவர் ஓர் உரையாடலை வழக்கமாக்கினார். பிற கல்லூரி மாணவரும் அதற்கு வந்தனராம். பரீட்சைக்கு வேண்டாத கேள்விகளைக் கேட்க ஓரிடம் கிடைத்தால் மாணவர் எவ்வளவு தூரமும் நடந்து வருவர் என்பது ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

1920 இற் கல்கத்தாவுக்குச் சென்று பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியிற் பயின்றார். 1923 இல், பௌபசார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கத்திலே இராமனுக்குக் கீழ் ஆராய்ச்சியாளராய்ச் சேர்ந்தார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876 இல் தனியார் உதவியைக் கொண்டு நிறுவிய சங்கம் அது. அரசாங்கத்தின் தயவை எதிர்பாராது நம்மவர் விஞ்ஞானம் செய்ய வேண்டும் என்பதே அவருடைய கனவாய் இருந்தது.

ஒளிச் சிதறலைப் பற்றி நான் மிகுதியாய்ச் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய அறுபது திரவங்களைத் தூய்மை செய்து, அவற்றினூடே சூரிய ஒளியைச் செலுத்தி, நிறம் மாறிய மெல்லொளியை இருவரும் தேடினர். 1928 மார்ச்சு 31 இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்த முதற் குறிப்பு இராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயரையும் தாங்கியது. பொதுவெளியிற் பங்கு கேட்டுக் கிருஷ்ணன் வழக்காடவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 1927 இல், இவ்விருவரும் வெளியிட்ட மற்றொரு கட்டுரையே என் பொருளுக்கு நெருங்கியது. பென்சீன் போன்ற திரவத்தை வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்தால், அதனூடே செல்லும் ஒளி இருவேறு வேகமுடைய கூறுகளாய்ப் பிரிகின்றது. ஏன்? திரவத்திலுள்ள மூலக்கூறு ஒவ்வொன்றும் காந்தத்தின் முன்னே எல்லாப் பக்கமும் ஒரே தன்மையாய் நடந்துகொள்ளவில்லை. ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் விலகுகிறது. ஆகவே சிறிதளவேனும் அணிவகுத்து நிற்க முயல்கிறது. இவ்வாறு அவர்கள் விளக்கினர். அப்படியாயின் மூலக்கூறுகள் அசையாது வரிசையாய் நிற்கும் பளிங்கிலே அந்த வேறுபாடு எவ்வளவு தெளிவாய்த் தெரிய வேண்டும்! இந்தக் கேள்வியை மடியிற் கட்டிக்கொண்டே கிருஷ்ணன் 1928 இன் இறுதியிற் கல்கத்தாவை விட்டு டாக்காவுக்குப் புறப்பட்டார் எனலாம்.

டாக்காப் பல்கலைக்கழகம் 1921 இல் தொடங்கப்பெற்றது. அன்று அது வயதிற் குழந்தை. இப்போது வங்காளதேசத்தின் தலைநகராய் விளங்கும் டாக்காவிலே, அக் காலத்திற் பௌதிகப் பகுதிக்குத் தலைவராய் இருந்தவர் சத்தியேந்திரநாத போஸ். ஐன்ஸ்டைனோடு சேர்த்து உலகம் பெயர் சொல்லும் போஸ் அவரே. கிருஷ்ணன் அங்கே இணைப் பேராசிரியர் பதவியை ஏற்றார். பெரிய ஆய்வுகூடமும் பெரும்பணமும் அங்கே இல்லை. வாய்த்தவை ஒரு மின்காந்தம், பளிங்கு வளர்க்கும் பொறுமை, பி. சி. குஹா, எஸ். பானர்ஜி போன்ற இளந் துணைவர் ஆகியவையே.

இங்கே சற்று நின்று, காந்தம் பற்றிய பழைய கதையொன்றைச் சொல்ல வேண்டும். நான் பாடசாலையிற் காந்தம் படிப்பித்த காலத்தில் மாணவருக்குக் காட்டக்கூடியதாய் இருந்தவை இரும்புத்தூளும் திசைகாட்டியும் மாத்திரமே. அதனாற் காந்தம் என்பது இரும்பின் தனியுரிமை என்ற மயக்கம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஏற்படும். 1845 இல் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில அறிஞர் அந்த மயக்கத்தைக் கலைத்தார். கண்ணாடி, நீர், மரம், இறைச்சி என்று கைக்கு அகப்பட்ட யாவற்றையும் வலிய காந்தத்தின் முன் வைத்துப் பார்த்து, காந்தத்துக்கு முற்றும் கட்டுப்படாத பொருளே இல்லை எனக் கண்டார். சில பொருள்கள் மெல்ல ஈர்க்கப்பட்டன. பெரும்பாலானவை மெல்ல விலகின. 1848 இல் பிஸ்மது என்னும் உலோகத்தின் பளிங்குகளை நூலிற் கட்டித் தொங்கவிட்டபோது இன்னுமொரு புதுமை தோன்றியது. அவை விலகுவதோடு நில்லாமல், தமக்கென ஒரு திசையைத் தேர்ந்து அத் திசைக்கே திரும்பி நின்றன. பரடே அதற்குப் பளிங்குக் காந்தச் செயல் என்னும் பொருள்பட ஒரு பெயர் சூட்டினார். எண்பது ஆண்டுக்குமேல் கழிந்தபின் டாக்காவிலிருந்து வந்த ஆராய்ச்சித் தொடர், 1933 முதல் இலண்டன் றோயல் சங்கத்தின் பெருவெளியீட்டில் அச்சேறியபோது, பரடே இட்ட அதே பழம்பெயரைத் தன் தலைப்பிலே தாங்கிற்று.

பரடே கண்டது திரும்புதலை. கிருஷ்ணனுக்கு வேண்டியிருந்தது அதன் அளவு. அளப்பதில் உள்ள இடர் சிறிதன்று. காந்தப் புலத்தில் வைத்த ஒரு பொருள் தானும் எவ்வளவு காந்தமாகிறது என்பதைக் குறிக்கும் எண்ணைக் காந்த ஏற்புத்திறன் என்பர். நீரை எடுத்துக்கொண்டால், அது பெறும் காந்தம், வைத்த புலத்தின் நூறாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதுவும் எதிர்த்திசையில். கரிமப் பளிங்குகளும் இத்தகையனவே. பியர் கியூரி 1895 இல் முறுக்குத் தராசு ஒன்றினால் இத்தகைய சிறு விசைகளை அளந்து புகழ் பெற்றார். ஆனால் அவ்வகை முறைகளில் ஓரிடத்துக்கு ஓரிடம் வலிமை மாறும் காந்தப் புலம் வேண்டும். அம் மாற்றத்தையும் திருத்தமாய் அறிந்திருக்க வேண்டும். அன்றியும், இரு திசைகளில் அளந்த இரு பெரிய எண்களுக்கிடையே உள்ள சிறிய வித்தியாசந்தான் கிருஷ்ணனுக்குத் தேவை. பெரிய எண் ஒவ்வொன்றிலும் சிறு பிழை புகுந்தால், வித்தியாசம் முழுவதுமே பிழையாகிவிடும். சந்தையில் ஒரு மூட்டை அரிசியை இருமுறை நிறுத்து, அதில் விழுந்த ஒரு நெல்லின் நிறையைக் கண்டுபிடிப்பது போன்ற காரியம்.

கிருஷ்ணன் இந்த மூட்டையையே நிறுக்காமல் விட்டார். நெல்லை மாத்திரம் நிறுக்க வழி தேடினார்.

அவர் கைக்கொண்டது குவாற்ஸ் இழை. இந்த இழையின் பிறப்பே ஒரு தனிக் கதை. 1887 இல் இங்கிலாந்திலே சி. வி. போய்ஸ் என்பவர் குவாற்ஸை உருக்கி, அதனை ஒரு வைக்கோல் அம்பின் நுனியில் ஒட்டி, குறுக்குவில்லில் ஏற்றி அறையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு எய்தார். அம்பு பறக்கையில் உருகிய குவாற்ஸ் அதன் பின்னே நீண்டு, சிலந்தி நூலினும் மெல்லியதாய் உறைந்தது. பட்டு நூலையோ உலோகக் கம்பியையோ முறுக்கிவிட்டால் பழைய நிலைக்கு முற்றும் மீளாது. குவாற்ஸ் இழையோ எத்தனை முறை முறுக்கினும் நேர்மையாய்த் திரும்பி வரும். விஞ்ஞானக் கருவிகளுள் இதனைப்போல் எளியதும் நம்பத்தக்கதுமான பிறிதொன்றை நான் அறியேன்.

சில மில்லிகிராம் நிறையுள்ள பளிங்கைத் தெரிந்த ஒரு திசை மேனோக்கி இருக்குமாறு இவ்விழையின் அடியில் ஒட்டி, எங்கும் ஒரே வலிமையுள்ள காந்தப் புலத்தின் நடுவே தொங்கவிடுவர். புலம் எங்கும் ஒரே தன்மையாய் இருத்தலால் பளிங்கை எப்பக்கமும் இழுக்கும் விசை இல்லை. திருப்பும் விசை மாத்திரம் உண்டு. அத் திருப்பமோ பளிங்கின் மொத்தக் காந்தத்தைப் பொறுத்ததன்று. கிடைத்தளத்தில் உள்ள இரு திசைகளுக்கிடையேயான வித்தியாசத்தை மட்டும் பொறுத்தது. ஆகவே வித்தியாசம் நேராகவே அகப்படுகின்றது. முதலிற் கையாண்ட முறை ஆட்ட முறை. காந்தம் இல்லாதபோது பளிங்கு இழையில் முறுகி முறுகி ஆடும் நேரத்தையும், காந்தம் உள்ளபோது அது விரைந்தாடும் நேரத்தையும் எண்ணினால், இரண்டிலிருந்தும் விடை வரும்.

பின்னர்க் கிருஷ்ணனும் பானர்ஜியும் வகுத்த முறைதான் என் மனத்தைக் கவர்ந்தது. இழையின் மேல்நுனி, பாகை குறித்த ஒரு வட்டத்தில் இணைந்திருக்கும். பளிங்கு தனக்கு உவந்த திசையில் அமைதியாய் நிற்கையில், மேல்நுனியை மெல்லத் திருப்புவர். இழை முறுகும், பளிங்கும் சிறிது திரும்பும், ஆயினும் காந்தம் அதனைப் பிடித்து நிறுத்தும். மேலே ஒரு முழுச் சுற்று, இரண்டு சுற்று, இழை மெலிந்ததாயின் அதற்கு மேலும் சுற்றுவர். பளிங்கோ கீழே எறும்புபோல் ஊர்ந்து ஊர்ந்து, நாற்பத்தைந்து பாகையை நெருங்கும். காந்தத்தின் பிடி மிக இறுகி நிற்பது அந்தக் கோணத்திலேதான். அதனைச் சிறிது கடந்ததும் பிடி தளர்கிறது. மேலிருந்து முறுக்கும் விசைக்குத் தளர்ச்சி இல்லை. அவ்வளவில், அதுவரை அசைவதே தெரியாதிருந்த பளிங்கு, சட்டெனச் சுழன்று மறுபக்கம் திரும்பிவிடும். அந்தக் கணத்தில் மேல்வட்டம் காட்டும் பாகையைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். பளிங்கின் நிறை, புலத்தின் வலிமை, இழையின் முறுக்குவலி ஆகிய மூன்றும் தெரிந்தால், மற்றவை சிறுகணக்கு. காற்றோ திரவமோ சூழ்ந்திருந்தால் ஆட்டம் தளர்ந்து எண்ணிக்கை கெடும். ஆனால் இந்தத் திடீர்த் திருப்பத்தை அவை கெடுப்பதில்லை. எனவே குளிரூட்டியும் சூடாக்கியும் பளிங்கைச் சோதிக்க இது மிகவும் ஏற்றதாயிற்று.

வித்தியாசம் கிடைத்தபின் முழு எண்ணும் வேண்டுமென்றால் அதற்கு வேறோர் உபாயம் இருந்தது. நியூயோர்க்கில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஐ. ஐ. ராபி என்பவர் 1927 இல் வெளியிட்டது. பளிங்கை ஓர் உப்புக் கரைசலில் அமிழ்த்தி, வலிமை மாறும் புலத்தில் வைத்து, பளிங்கு எப்பக்கமும் நகராத நிலை வரும்வரை கரைசலின் செறிவை மாற்றுவது. நகராவிட்டால் பளிங்கும் கரைசலும் காந்தத்தின் முன் சமம். கரைசலை அளப்பதோ எளிது. ராபியும் பின்னர் நோபல் பரிசு பெற்றவர். கிருஷ்ணன் கூட்டத்தாரும் இவ்வுபாயத்தைத் தம் தேவைக்கு ஏற்பக் கையாண்டனர். கரையாத திரவத்தையும் தக்க உப்பையும் தேர்வதிலே, சென்னையில் இரசாயன மேசையருகே நின்ற பழக்கம் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

இத்தனை பாடுபட்டு அவர் அறிந்தது என்ன? அலுமாரியிற் பூச்சி அணுகாமல் உடுப்புகளிடையே வைக்கும் வெள்ளை உருண்டையை வாசகர் அறிவர். அந்த நப்தலீன், அதன் உறவான அந்திரசீன் முதலிய பளிங்குகளே அவருடைய முதற் சோதனைப் பொருள்கள். பென்சீன் மூலக்கூறு ஆறு கரியணுக்கள் கைகோத்த ஒரு தட்டையான வளையம். வளையத்தின் தளத்திற் காந்தம் பாய்ந்தால் அது சிறிதே விலகும். வளையத்துக்குச் செங்குத்தாய்ப் பாய்ந்தால் அதனினும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலகும். இரண்டு வளையம் ஒட்டிய நப்தலீனில் இவ்வேறுபாடு நான்கு மடங்கையும் தாண்டுகிறது. ஆகவே ஒரு பளிங்கு முழுவதும் எத்திசையில் மிகுதியாய் விலகுகிறது என்று அளந்தால், அதனுள் வளையங்கள் எத்திசை நோக்கிச் சாய்ந்துள்ளன என்பது தெரிந்துவிடும். கண்ணாற் காணவியலாத மூலக்கூறின் கிடையை, இழையில் ஆடும் துண்டொன்று சொல்லிவிடுகிறது!

எக்ஸ் கதிரினாற் பளிங்கின் அமைப்பை அறிவோர் அக்காலத்தில் மாதக்கணக்காய்க் கணக்கிட வேண்டியிருந்தது. அணுக்கள் இருக்கக்கூடிய நிலைகள் பலவாகத் தோன்றும். அவற்றுள் உண்மை எது என்று தேர்வது அரிது. காந்த அளவு முன்னமே சாய்வைக் கூறிவிட்டால் அவர்கள் சுமை பெரிதும் குறையும். பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929 இல் எக்ஸ் கதிரால் நிறுவிய கதலீன் லொன்ஸ்டேல் அம்மையார் இதன் அருமையை உணர்ந்தவர். இலண்டனில் இருந்த அவரும் கல்கத்தாவில் இருந்த கிருஷ்ணனும் 1936 இற் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். பளிங்கின் காந்த அளவுக்கும் மூலக்கூறின் அமைப்புக்கும் உள்ள உறவை அது தொகுத்துக் கூறியது.

கல்கத்தாவில் என்றேன், இடைநிகழ்ச்சியைச் சொல்லவில்லை. 1933 இல் இராமன் பெங்களூருக்குச் சென்றார். அதே ஆண்டில் கிருஷ்ணன் பழைய சங்கத்துக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராய்த் திரும்பினார். ஒன்பதாண்டு அங்கே இருந்தார். இரும்பு, செம்பு முதலிய உலோகங்களின் உப்புப் பளிங்குகளை, அதாவது காந்தத்தால் மெல்ல ஈர்க்கப்படுகின்றவற்றை, இக்காலத்தில் விரிவாய் ஆராய்ந்தார். உலோக அணுவைச் சூழ்ந்து நிற்கும் அண்டை அணுக்கள் அதன் காந்தத்தை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை அவை காட்டின.

அடுத்து அவர் கைக்கு வந்தது காரீயம். நம் நாட்டிலே போகலையிலும் ககட்டககவிலும் நிலத்தின் ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்களே, அதே கரிய வழுவழுப்பான பொருள். அதன் அமைப்பு தாள் அடுக்கியது போன்றது. ஒவ்வொரு தாளும் பென்சீன் வளையங்கள் முடிவின்றி ஒட்டி விரிந்த ஒரு வலை. ஒரு வளையத்தில் இரண்டரை மடங்கு, இரண்டு வளையத்தில் நான்கு மடங்கு என்று வளர்ந்த வேறுபாடு, முடிவில்லா வளையத்தில் என்னாகும்? கிருஷ்ணன் தம் மாணவர் என். கங்குலியுடன் அளந்து 1941 இல் விரிவாய் வெளியிட்டார். தாளுக்குச் செங்குத்தாய்க் காரீயம் காந்தத்திலிருந்து விலகுவது, தாளின் தளத்தில் விலகுவதைப் பார்க்கிலும் நாற்பது மடங்குக்குக் குறையவில்லை. தாளினுள்ளே இலத்திரன்கள் கட்டற்று உலாவுகின்றன, ஒரு தாளிலிருந்து மறுதாளுக்கோ எளிதிற் செல்வதில்லை என்பதே அதற்குக் காரணமென அவர் காட்டினார். கரியின் ஒற்றைத் தாளைத் தனியே உரித்தெடுத்ததற்காக 2010 இல் இருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அத் தாளில் இலத்திரன்கள் உலாவும் விந்தையை இன்று உலகமே பேசுகிறது. இழையில் தொங்கிய காரீயத் துண்டு எழுபது ஆண்டுக்கு முன்னரே அவ்வுலாவைக் குறித்து ஒரு சொல் சொல்லியிருந்தது.

1937 இல் ஐரோப்பாவுக்கு அழைக்கப்பட்டு, கேம்பிறிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்திலும் இலண்டன் றோயல் நிறுவனத்திலும் விரிவுரை ஆற்றினார். 1940 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமை அவருக்கு ஒளிச் சிதறலிற் பங்குகொண்டதனால் மட்டும் வந்ததன்று; பளிங்குகளும் சேர்ந்து வாங்கித் தந்தது. 1942 இல் அலகபாத் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அங்கே ஏ. பி. பாத்தியாவுடன் உருகிய உலோகங்களின் மின்தடை பற்றி 1945 இல் எழுதிய கருத்து, பதினைந்து ஆண்டுக்குப் பின்னர்ப் பிறர் எழுப்பிய கொள்கைக்கு முன்னோடி என மதிக்கப்படுகிறது. 1946 இற் பிரித்தானிய அரசு சேர் பட்டம் வழங்கியது.

1947 சனவரி 4 இல் நேரு, டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் பொறுப்பேற்றார். 1950 சனவரி 21 இல் வல்லபாய் பட்டேல் அதனைத் திறந்துவைத்தார். நாட்டுக்குரிய நீளம், நிறை முதலிய நியமங்களைக் காக்கும் இடம் அது. மில்லிகிராம் பளிங்கை அளந்த கைகளிலே ஒரு பெருந்தேசத்தின் அளவுகோல்கள் ஒப்படைக்கப்பட்டமை பொருத்தமே. ஆயினும் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. 1948 இல் அணுசக்தி ஆணைக்குழு அமைந்தபோது ஹோமி பாபா, பட்நாகர் ஆகியோருடன் அவரும் அதில் அமர்ந்தார். குழுக்களும் கோப்புகளும் வளர்ந்தன. ஐம்பது வயதை எட்டிய ஒரு சோதனையாளன் இழையருகில் இருந்து எழுந்து மேசையருகில் அமரும்போது நாடு பெறுவது எது, இழப்பது எது என்று கணக்கிட யாரிடத்தும் தராசு இல்லை. இதனையும் சொல்ல வேண்டும்: அவர் ஆராய்ச்சியை முற்றும் கைவிடவில்லை. மின்னோட்டத்தாற் காய்ந்து ஒளிரும் கம்பியில் வெப்பம் எவ்வாறு பரவி நிற்கிறது என்னும் எளிய தோற்றமுள்ள வினாவை டில்லியிலும் விடாது தொடர்ந்தார். எளிய பொருளில் ஆழ்ந்த வினாவைக் காண்பது அவர் இயல்பு.

1954 இற் பத்மபூஷண் விருதும், 1958 இல் சாந்தி சுவரூப பட்நாகர் பெயரால் முதன்முதலாக ஏற்பட்ட பரிசும் அவரை அடைந்தன. இப் பரிசில் ஒரு நயம் உண்டு. பட்நாகரும் இளமையில் லாகூரில் மாதுர் என்பவரோடு சேர்ந்து, பொருள்களின் காந்தத்தை ஒளியலைகளின் துணையால் அளக்கும் ஒரு தராசை 1928 இல் அமைத்தவர். அக்கருவியை இலண்டன் நிறுவனம் ஒன்று செய்து விற்றது. காந்தம் அளந்த ஒருவர் பெயராற் பிறந்த பரிசு, காந்தம் அளந்த மற்றொருவருக்கே முதலிற் போய்ச் சேர்ந்தது.

வடமொழியிலும் தமிழிலும் தந்தையார் ஊட்டிய பயிற்சி கடைசிவரை அவரிடம் இருந்தது. விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழிலும் எழுதினார். நண்பர் கூட்டத்திற் கதை சொல்வதில் வல்லவர் எனப் பழகியோர் பலரும் எழுதி வைத்துள்ளனர். நேரு அவரை விஞ்ஞானியாக மாத்திரமன்றி, நிறைந்த மனிதராகவே மதித்தார்.

1961 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கிருஷ்ணன் டில்லியிற் காலமானார். பொருளை அதிரச் செய்து அதன் காந்தத்தை மின்னாக மாற்றி அளக்கும் பொறியை அமெரிக்காவில் சைமன் போனர் என்பவர் 1950 களில் ஆக்கினார்; அதி குளிரிலே இயங்கி, பூமியின் காந்தத்திலும் பல கோடி மடங்கு சிறிய புலத்தை உணரும் வேறு கருவிகளும் 1960 களிலிருந்து வந்தன. ஆய்வுகூடங்களில் இன்று பெரிதும் புழங்குவன அவையே. கல்கத்தாச் சங்கத்திலோ கிருஷ்ணனின் முறை அவருக்குப் பின்னும் பலகாலம் வழக்கில் இருந்தது. இன்று ஒரு பளிங்கின் திசை வேறுபாட்டை அறிய விரும்புவோர் குவாற்ஸ் இழைக்குப் பதிலாகச் சிலிக்கனாற் செய்த, மயிரினும் மெல்லிய ஒரு நாக்கின் நுனியிற் பளிங்கை ஒட்டுகின்றனர். மில்லிகிராம் போய், மைக்கிரோகிராமுக்கும் குறைந்த துகள் போதுமானதாகிவிட்டது. நாக்கு வளையும் அளவை மின்பொறி தானே எழுதிக்கொள்கிறது. ஆனால் ஒரே தன்மையான புலத்தில் வைத்து, இழுக்காமல், திருப்பத்தை மாத்திரம் அளப்பது என்னும் அந்த முறை மாறவில்லை.